சமனி பூசிய பன்னிரண்டு வீடுகள்

சென்னியப்பனிடம் தமயந்தி பார்த்த வேலை சந்தேகப்படுவது. கைநிறையச் சம்பளம் கொடுத்து ஒருத்தியைச் சந்தேகப்பட வைப்பார்களா, இதென்ன கூத்து என்று தோன்றலாம். கோயம்புத்தூரில் மூன்று நூற்பாலையும் ஒரு பம்ப் கம்பெனியும் வைத்திருக்கிற மனிதரைத் தேடி வாரத்துக்கு நாலு பேர் புதுக் கண்டுபிடிப்போடு வருவார்கள். முதல் போடுங்கள், பத்து வருஷத்தில் உலகமே நம் காலடியில் என்பார்கள். வருகிறவன் எவனாவது தன் சரக்கைத் தானே குறை சொல்வானா? அதற்கென்று ஓர் ஆள் வேண்டுமே! மில்களில் பதினெட்டு வருஷம் தரப் பரிசோதனை பார்த்து, நல்ல நூலிலும் முடிச்சுத் தேடியே பழகிப்போன தமயந்திதான் அந்த ஆள். வீட்டிலும் அப்படித்தான். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். சென்னையில் படிக்கிற மகள் ராத்திரிப் பேச வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் விடுதி வார்டனையே கூப்பிட்டு விசாரிப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை சென்னியப்பன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அம்முணி, இந்தச் சமனி விசயம் மட்டும் எனக்குப் பிடிபட மாட்டேங்குது" என்றார்.

சமனி என்பது ஒரு சுவர்ப் பூச்சு. ஆராவமுதன் என்ற விஞ்ஞானி ஏழு வருஷம் உழைத்துக் கண்டுபிடித்தது. தோசைமாவுப் பதத்தில், சாம்பல் நிறத்தில் இருக்கும். சுவரில் விரல் கனத்துக்குப் பூசிவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது, வெயில் இறங்காது, வாசலில் லாரி போனாலும் ஜன்னல் கிடுகிடுக்காது. அதன் அருகில் எந்த நடுக்கம் வந்தாலும் வாங்கி அடக்கிவிடும். ஏசி வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஏற்கெனவே ஐந்து பேர் முதல் போட்டிருந்தார்கள். ஐந்து பேரும் பார்க்கப் போன அன்றைக்கே, பல்லடம் சாலையில் இருக்கிற ஆராவமுதனின் கம்பெனியில், சமனி பூசிய காட்சிக்கூடத்திலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள்.

சென்னியப்பன் போடவில்லை. குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் அவர் பேனா மூடியைத் திறக்கமாட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கோயில் காங்கேயத்துக்கும் அந்தப் பக்கம், ஒன்றரை மணி நேரப் பயணம்.

"அந்த ஹால்ல உக்காந்திருந்தப்ப ஒரு சந்தேகமும் இல்லீங்க. கையில இருக்கறதப் பூராப் போட்டாத்தான் என்னன்னு இருந்துச்சு. கார்ல ஏறி அவிநாசிபாளையம் தாண்டலீங்க, ஒவ்வொண்ணாக் கெளம்புது. இத ஆரு வாங்குவா? வீடு கட்டறவன் சிமெண்டுக்கே மூக்கால அழுகறான், இதுக்கா காசு குடுப்பான்? இந்த வயசுல ஏமாந்தவன்னு பேர் வாங்கிருவனோ? கோயிலுக்குப் போய்ச் சேரக்குள்ள, இது வேண்டவே வேண்டாம்னு ஆகிப்போச்சு."

"பூ என்னங்கய்யா வந்துச்சு?"

"வெள்ளைதான் வந்துச்சு. மனசு செவப்பால்ல இருக்குது!" என்று அவர் பெருமூச்சு விட்டார். "நீங்க ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்துருங்க அம்முணி. நீங்க சரின்னாச் சரி, வேண்டாம்னா விட்டர்றேன்."

அன்று முழுக்கத் தமயந்தி கோப்பைப் படித்தாள். சோதனைக்கூட முடிவுகளில் பிசகில்லை. காட்சிக்கூடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பன்னிரண்டு வீடு கட்டி, உள்சுவர் முழுக்கச் சமனி பூசி, வாடகையில்லாமல் பன்னிரண்டு குடும்பங்களைக் குடிவைத்திருந்தார்கள். பதினாலு மாதமாகிறது. மாதாமாதம் வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்துக் குறை கேட்டிருந்தார்கள். நூற்று அறுபத்தெட்டுப் படிவங்கள். ஒவ்வொன்றிலும் குறை என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்தது.

அங்கேதான் அவளுக்கு உறுத்தியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பன்னிரண்டு குடும்பம் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தால், தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை என் வாசலில் நிறுத்துகிறான் என்று எதாவது ஒன்று வந்தே தீரும். வெங்காயம் விலை ஏறினால்கூட நம் ஆட்கள் யாரையாவது நாலு வார்த்தை திட்டாமல் விடுவதில்லை. போன கோடையில் அந்தப் பக்கமெல்லாம் இரண்டு மாதம் லாரித் தண்ணீர்தான். அந்த இரண்டு மாதப் படிவங்களிலும் 'இல்லை'.

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் கிளம்பினாள். காரை ஓட்டியவர் மயில்சாமி. சென்னியப்பனிடம் இருபது வருஷமாக இருப்பவர், வாய் ஓயாத மனுஷர். அவர்கள் இருவருக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. பார்க்கப் போகிற இடத்தில் முதலாளிமார் இலையைப் போட்டு, காபியைக் கொடுத்து, பேசியே பொழுதை ஓட்டிவிடுவார்கள். அதனால் அரை மணி நேரத்தில் தமயந்தி வெளியே வராவிட்டால் மயில்சாமி உள்ளே வந்து, அவசர வேலை என்று எதையாவது சொல்லிக் கிளப்பிக்கொண்டு போக வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு வீட்டுக் காம்பவுண்டு வாசலில் கார் நின்றபோது மணி பதினொன்று. சாலையில் பஸ்ஸும் லாரியும் அலறிக்கொண்டு போயின. எதிரே ஒரு தறிக்குடோன் விடாமல் கடகடத்தது. முதல் வீட்டின் வாசற்படியைத் தாண்டி உள்ளே காலை வைத்தாள். அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோனது. தன் செருப்புச் சத்தம்கூடத் தனக்குக் கேட்கவில்லை. குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளுமை அவளுக்குப் பிடித்தது, பிடித்ததே பிடிக்கவில்லை.

அந்த வீட்டில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார், கிட்டப் போனதால் குரல் மெலிதாகக் கேட்டது; யார் என்று கேட்கவில்லை. வலது காலில் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்களும் கன்னங்கரேலென்று இருந்தன. வாடை அடித்தது.

"என்னங்க இது, சக்கரைப் புண்ணுங்களா?"

"ஆமாங்க."

"வலிக்கலையா?"

"வலிக்குதுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போகோணும்" என்றார் அவர், நாளைக்கு மழை வரும் என்பதுபோல. "பாக்கலாம்."

தமயந்தி அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, அவர் மகன் நம்பரைக் கோப்பில் தேடி எடுத்து, உடனே வந்து கூட்டிப் போகச் சொன்னாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அது சுகந்தியின் வீடு. முப்பது வயதிருக்கும். கணவன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அவள் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து கருகல் நெடி வந்தது. எட்டிப் பார்த்தால் அடுப்பில் சோறு கரியாகிப் பாத்திரம் சிவந்துகிடந்தது. தமயந்திதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"தீஞ்சுபோச்சுங்களா?" என்று சுகந்தி கேட்டாள். "வாசம் வந்துச்சு. எந்திரிக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்குப் பக்கத்தில் பாயில் ஒரு பெண்குழந்தை படுத்திருந்தது. நாலு வயது. கண் பாதி மூடியிருந்தது. தலை பின்பக்கமாக விறைத்திருந்தது. தமயந்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அனல்.

"ஐயோ, இந்தக் காய்ச்சல் கொதிக்குதே! எத்தன நாளா?"

"ரெண்டு நாளாச்சுங்க. மகிழினிக்கு அப்பப்ப வரும். சரியாப் போயிரும்னு இருக்கோம்."

"டாக்டர்கிட்டக் காட்டலையா?"

"காட்டோணும். உக்காருங்க, டீ போடட்டுமா?"

இவளை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் தமயந்தி உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்தாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. மூச்சு தானாக நிதானத்துக்கு வந்தது. டீ வந்தது, குடித்தாள். மகளிடமிருந்து ஃபோன் வந்து திரை மினுங்கி அணைந்தது. இந்த நேரத்தில் அவள் கூப்பிடமாட்டாளே என்று தோன்றியது. மறுபடி கூப்பிடுவாள் என்றும் தோன்றியது. குழந்தையின் கைவிரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய குழந்தை என்பது தெரிந்தது. பரீட்சைக்குப் படித்ததுபோல நன்றாகவே தெரிந்தது. ஆனால் தெரிந்த அந்த விஷயம் அவளை எழுப்பவில்லை. நல்ல பூச்சுதான் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயது வாழ்க்கையில் இப்படி ஒரு நிம்மதியை அவள் அறிந்ததில்லை.

"மேடம்! ஏனுங் மேடம், அரை மணிக்கு மேல ஆகிப்போச்சுங்க!"

மயில்சாமி வாசலில் நின்றார். அவர் கத்துகிறார் என்பது வாயைப் பார்த்துத் தெரிந்தது, சத்தம் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"நீங்க போங்க மயில்சாமி, நான் அப்பறமா வர்றேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தார்.

"அட கெரகமே! கொழந்தைக்குக் கண்ணு சொருகியிருக்குது, இழுப்பு வந்திருக்குது, ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் உக்காந்துட்டிருக்கறீங்க! கண்ணு தெரீலீங்களா?"

ஒரே எட்டில் வந்து குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். "நீயும் வாம்மா!" என்று சுகந்தியை அதட்டினார். அவள் பீன்ஸ் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். தமயந்தியும் எழுந்தாள். குழந்தைக்காக அல்ல. கைப்பை காரில் இருக்கிறது, கார் போனால் பையும் போய்விடும் என்பதற்காக. இதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை.

கார் பல்லடம் சாலையில் ஏறி, முதல் வேகத்தடையில் தூக்கிப் போட்டது. அப்போதுதான் அது வந்தது. அத்தனை நேரப் பயமும் மொத்தமாகப் பொங்க, "ஐயோ, முருகா!" என்று அலறிவிட்டாள். குழந்தையை மடியில் இழுத்துப் போட்டு, புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். சீக்கிரம், சீக்கிரம் என்று மயில்சாமியின் முதுகில் அடித்தாள். நாற்பது நிமிஷம்! பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேனே, டீ குடித்தேனே என்று நெஞ்சு வெடித்தது. நடுவில் மகளைக் கூப்பிட்டாள். கல்லூரி நேரத்தில் ஏதோ ஃபார்முக்கு ஆதார் நம்பர் கேட்கக் கூப்பிட்டாளாம். அதற்கும் அழுதாள். பக்கத்தில் சுகந்தி சேலை மடிப்பைச் சரிசெய்தபடி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துவந்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி என்றார் டாக்டர் ஷகிலா. உயிருக்கு இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

தமயந்தி தாழ்வாரத்தில் நின்று ஆராவமுதனுக்கு ஃபோன் போட்டாள். அவன் சோதனைக்கூடத்தில் இருந்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். 

"அப்படியா மேடம்" என்றான் அவன். "சரி."

"என்னங்க சரி? உங்க சுவரு என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நடுக்கத்தை அடக்குது. அதுக்காகத்தானே செஞ்சோம். சத்தம் காத்தோட நடுக்கம். சூடு அணுவோட நடுக்கம். மூளைக்குள்ளயும் மின்சாரம் நடுங்கிக்கிட்டேதான் இருக்கும் மேடம். பயம், சந்தேகம், பதட்டம் எல்லாம் கொஞ்சம் வேகமான நடுக்கம். பக்கத்துல சமனி இருந்தா அந்த வேகம் குறையுது. அறிவு குறையல, ஞாபகம் குறையல. அளந்து பார்த்தோம்."

"முன்னாடியே தெரியுமா?"

"இங்க உள்ளவங்க எல்லாம் நல்லாத் தூங்கறாங்கன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே கவனிச்சோம். உங்களுக்கு அனுப்பின கோப்புல நன்மைகள்ங்கற தலைப்புல போட்டிருக்கோமே, பார்க்கலையா?"

"பாக்கி பதினோரு குடும்பத்தையும் உடனே வெளிய கொண்டு வாங்க."

"வெளிய போகணும்னு யாரும் கேட்கலையே மேடம்" என்றான் ஆராவமுதன். அவன் குரலில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. எந்தத் துளியும் இல்லை. ஏழு வருஷமாக அவனும் அந்தச் சுவர்களுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான். தமயந்தி ஃபோனை வைத்துவிட்டாள்.

சென்னியப்பனிடம் சொன்னதும் அவர் பதறிப்போய் மில் பஸ்ஸை அனுப்பினார். பதினோரு குடும்பமும் வரச் சொன்னதும் வந்துவிட்டார்கள். அங்கேயே கிடங்கள் என்றாலும் கிடந்திருப்பார்கள். கண்டக்டரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்று நாள் தமயந்தி ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. அந்தக் குழந்தை பிழைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். சுகந்தி இரண்டு நாள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். பதினாலு மாதம் ஊறியது லேசில் இறங்கவில்லை. இரண்டாம் நாள் சாயந்திரம் அவள் கை விரல்கள் புடவை நுனியைத் திருக ஆரம்பித்தன. ராத்திரி, "பாப்பா சாப்டுச்சாங்க?" என்று ஒரு தரம் கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வெளியே வந்தார். குழந்தை கண் விழித்துவிட்டது, உயிருக்குப் பயமில்லை. தமயந்தி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார் டாக்டர். தமயந்தியும் சுகந்தியும் போனார்கள். மகிழினி ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பாப்பா" என்று சுகந்தி கூப்பிட்டாள்.

குழந்தை திரும்பவில்லை.

"மகிழிக்கண்ணு, அம்மா வந்திருக்கேன் பாரு."

நர்ஸ் கையில் இருந்த எஃகுத் தட்டு தவறி விழுந்து அறையே அதிர்ந்தது. குழந்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு காதும் போயிருச்சும்மா" என்றார் டாக்டர் ஷகிலா, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு. "இந்த நோய் அப்படித்தான். ரெண்டு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

அப்போதுதான் சுகந்திக்கு முழுசாக இறங்கியது. பெற்ற வயிறு எரிகிற சத்தம் எப்படியிருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வெளியே காத்திருப்புக் கூடத்தில் வந்து விழுந்து, தரையில் தலையை மோதினாள். "பக்கத்துலயே உக்காந்திருந்தனே! காய் அரிஞ்சிட்டிருந்தனே! எம்புள்ள துடிச்சதப் பாத்துட்டே இருந்தனே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் உள்ளே யாரையோ கிடத்திவிட்டு வெளியே காத்திருப்பவர்கள். அவள் அழுகை ஒவ்வொருவராகத் தொற்றி, கூடமே அழுதது.

அந்த நேரம் பார்த்துச் சென்னியப்பன் பழப்பையோடு உள்ளே வந்தார். இளகிய மனசுக்காரர். அவளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் தன்னுடையது என்றார். நல்லதாகப் போயிற்று என்று தமயந்தி நினைத்தாள். கண்ணால் பார்த்துவிட்டார், இனி அறிக்கை எதற்கு?

"பாத்தீங்களாய்யா, இது ஒரு வீட்டுக் கதை. இந்தச் சமனி நமக்கு வேண்டாம். விட்டுருங்க."

அவர் தலையை ஆட்டினார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு மூலையில் ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். சுகந்தியின் பின்னாலேயே வந்து நின்ற டாக்டர் பக்கம் சென்னியப்பன் திரும்பினார்.

"ஏனுங் டாக்டரம்மா, இந்த ஹாலு எத்தன சதுர அடி இருக்கும்?"

டாக்டருக்குப் புரியவில்லை. தமயந்திக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா!"

"இல்லீங்க அம்முணி, நாஞ் சொல்றதச் சித்தெ கேளுங்க. வீட்டுக்கு ஆகாது. ஒத்துக்கறேன். டாக்டருங்க இருக்கற எடத்துக்கும் ஆகாது. பதறோணும்ங்கறவங்க பதறித்தான் ஆகோணும். ஆனா இங்க உக்காந்திருக்கறவங்க பதறி என்னங்க ஆகப்போவுது? உள்ள நடக்கறது நடக்கும். இவங்களுக்கு ஒரு நல்ல சுவரு குடுத்தா அது புண்ணியமில்லீங்களா? இத ஆரு வாங்குவான்னுதான எனக்குப் பிடிபடாமக் கெடந்துச்சு."

"இங்க பூசினா இதோட நிக்குமாய்யா? நாளைக்கு மில் ஹாஸ்டலுக்குக் கேப்பாங்க. சம்பளம் பாக்கி வச்ச கம்பெனிக்காரன் கேப்பான். போலீஸ் ஸ்டேஷனுக்கு, தாலுகா ஆபீசுக்கு, ஜனங்க மனுவோட காத்துக் கெடக்கற எல்லா எடத்துக்கும் கேப்பாங்க!"

"கேப்பாங்கல்ல?" என்றார் சென்னியப்பன். கண் ஓரத்தில் ஈரம் காயாமலே, முகம் தெளிந்திருந்தது.

வாங்குகிறவர்களின் பட்டியலைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்பது தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் விடுவதாக இல்லை. இந்தப் பெண்ணைக் கேளுங்கள், இவளை விட வேறு சாட்சி எதற்கு, அந்தச் சுவர் என்ன செய்தது என்று இவளே சொல்லட்டும் என்று சுகந்தியைக் கைகாட்டித் திரும்பினாள்.

சுகந்தி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அழுகையை எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை. நெற்றியில் மோதிய இடம் புடைத்திருந்தது. தடுமாறிக்கொண்டு வந்து சென்னியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எப்பங்கய்யா பூசுவீங்க?" என்று கேட்டாள். "இன்னைக்கே பூசிருவீங்களா?"